குணா நம்பாத பூட்ஸ்

குணசேகரன் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ வேண்டாத வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்து, கெலாங் பாத்தாவில் அவர் பயிற்சி தந்த ஜிம்முக்கே போன் செய்தேன். எடுத்தவர் அழுதார். மாரடைப்பாம். எதையும் எளிதில் நம்பாத ஆள் நான். குணா என்னைவிட மோசம். அவரை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் நான் வெல்டர். பாதி வேலை குந்தி உட்கார்ந்துதான். வலது முட்டி வலிக்கத் தொடங்கியதும் பயந்துபோனேன். மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். ஒருநாள் வேலை முடிந்து, எல்லைப் பாலம் தாண்டி கெலாங் பாத்தாவுக்கு வந்த கையோடு, பட்டறை பூட்ஸுடனேயே ஜிம்முக்குள் நுழைந்தேன். எங்களில் பலரும் அப்படித்தான், அதே பூட்ஸோடு பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவோம்.

"பூட்ஸ கழட்டுங்க லா. உங்களக்கூட நம்புவேன், அத நம்ப மாட்டேன்" என்றார் குணா.

வெறுங்காலோடு குந்தினேன். குதிகால்கள் மேலே கிளம்பின, பாதம் உள்பக்கம் சரிந்தது. கணுக்கால் விறைத்துக் கிடந்ததை பூட்ஸின் தடித்த அடிப்பாகம் மறைத்திருக்கிறது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, மூன்றும் தரையை விடக்கூடாது. முட்டி, விரல்கள் பார்க்கும் பக்கமே போக வேண்டும். நான் குந்தியிருக்கும்போது குதிகாலுக்கு அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்ப்பார். தாள் உள்ளே போய்விட்டால், "அலமாக்! குதிகால் பொய் சொல்லுது பாருங்க" என்பார். எனக்குக் கோபம் வரும்.

அப்போதுதான் ஒருவர் என் காதில் போட்டார்: எங்கள் மேற்பார்வையாளர் முருகையா, குணாவின் மனைவிக்குத் தம்பி. எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த மனிதர் என் முட்டியைச் சரிசெய்கிறாரா, வேவு பார்க்கிறாரா? முருகையா என் பக்கம் திரும்பினாலே முட்டியைத் தடவும் கையை எடுத்துவிடுவேன். வலி குறைந்துகொண்டே வந்தது, சந்தேகம் குறையவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வீட்டுல உங்க மச்சினரோட என்ன பேசிக்குவீங்க?"

"சோறு, கறி, பந்து விளையாட்டு. குந்துங்க."

இறுதி மரியாதைக்குப் போனேன். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கால்களை அகட்டி வைக்கச் சொல்லி ஓயாமல் கத்திய மனிதர். பார்க்க முடியவில்லை. பூவை வைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே முருகையா.

"மாமா உங்களப் பத்தி ஒண்ணு சொல்வாரு" என்றார். "'ஒன் பட்டறையில ஒருத்தரு இருக்காரு, என்னயே சந்தேகப்படுறாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஏன்னு கேட்டா கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. உங்களுக்குள்ள என்னங்க பிரச்சன?"

ஒன்றுமில்லை என்றேன்.

இப்போதும் பட்டறையில் குந்துவதற்கு முன்னால் என் பாதங்களைச் சந்தேகத்தோடு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது. அவரைச் சந்தேகப்பட இனி வழியில்லை என்பதுதான் தாங்கவில்லை.