ரசமட்டம் ஓடையில் இறங்கிய நாள்

அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ரசமட்டம் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் குமிழி நிற்கும் கருவி, அதன் பெயர்தான். அவர் பொக்லைன் ஓட்டுகிறவர். அவர் தோண்டி நிரவிவிட்டுப் போன இடத்தில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது. வீட்டிலும் அதே கூத்துதான். சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் மனிதருக்குத் தூக்கம் வராது. "கல்யாணத்தன்னிக்கு என் நெத்தியிலயும் ரசமட்டம் வெச்சுப் பாத்திருப்பாரு, நான்தான் கவனிக்கல" என்பார் அவர் மனைவி, விருந்தாளிகள் முன்னாலேயே.

அப்படிப்பட்ட ஆளிடம் போய் ஓடையைக் கோணலாக்கித் தரச் சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவர் மீன் ஆராய்ச்சி செய்யும் பெண்; ரசமட்டத்துக்கு அவர் 'மேடம்'. மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஓடையை, வெள்ளம் சீக்கிரம் வடியட்டும் என்று எந்தக் காலத்திலோ நேர்வாய்க்காலாக வெட்டியிருந்தார்கள். முட்டையிட ஏறி வரும் மீனுக்கு மூச்சு வாங்க ஒரு மடு இல்லை, ஒதுங்க ஒரு வேர் இல்லை.

"ஏரியில இருக்கறது எல்லாமே கிழட்டு மீன் அண்ணே. குஞ்சே கண்ணுல படல. வேற எந்தத் தண்ணியிலயும் இந்த மீன் கிடையாது. இந்த மழைக்கு முட்டை போடலைன்னா, அடுத்த மழைக்கு அதுங்க இருக்குமான்னே தெரியல" என்றார் மேடம்.

ரசமட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவு வெட்டினார், மடு தோண்டினார், மரக்கட்டைகளை ஏனோதானோவென்று குறுக்கே போட்டார். கடைசியாக மேல் வளைவில் சரளைக்கல்லைக் கொட்டிப் பரப்பினார். "கொட்டினது கொட்டினபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பிவிட்டார். மேடும் பள்ளமுமாகக் கிடந்த அந்தச் சரளையைப் பார்க்கப் பார்க்க இவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. கை சும்மா இருக்குமா? பொக்லைன் பக்கெட்டின் முதுகால் தட்டு தட்டென்று தட்டி, தளம் போட்டதுபோல் இறுக்கிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்த ஒரு காலையில் மேடத்தின் ஃபோன் வந்தது. "அண்ணே, ஏறிடுச்சு! ஓடி வாங்க!"

மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் கரையிலேயே நின்றுவிட்டார். முழங்கை நீள மீன்கள், பாறை நிற முதுகும் செம்பு நிற வயிறுமாக, எதிர்த் தண்ணீரில் முண்டி ஏறிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்க்கிறவர். அதன் அடியில் இப்படி ஒரு கூட்டம் குடியிருந்தது அவருக்குத் தெரியாது. வளைவு திறந்த சேதியை இவற்றுக்கு யார் போய்ச் சொன்னது?

மேல் வளைவுக்கு வந்த மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் தரையை அறைந்தன. ஒரு கல்கூட அசையவில்லை. திரும்பத் திரும்ப அறைந்ததில் வால்நுனிகள் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"கல் இடுக்குலதான் முட்டையை விடும். ஏன் ஒண்ணுமே பெயரல?" என்று தவித்தார் மேடம்.

ரசமட்டம் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் மேடம். பாக்க லட்சணமா இருக்கட்டும்னு பக்கெட்டால தட்டி விட்டுட்டேன்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இப்ப மெஷினை இறக்கினா மீன் நசுங்கிடும்ணே" என்று மட்டும் சொன்னார்.

ரசமட்டம் வண்டியிலிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, பனியாய்க் குளிர்ந்த மலைத் தண்ணீரில் இறங்கினார். மீன்கள் விலகிக் கீழ் மடுவில் போய்க் காத்திருந்தன. அவர் குத்தி நெம்ப, பின்னாலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மனைவி இறங்கிக் கையால் கல் கல்லாகப் பிரித்தார். "ஒரு டம்ளரை இடம் மாத்தி வெச்சாலே கத்துவீங்களே, இப்பக் கலைங்க, நல்லாக் கலைங்க!" மேடமும் சேர்ந்துகொண்டார். மூவருக்கும் இடுப்பு விட்டுப் போனது.

பெண்கள் இருவரும் கரையேறினார்கள். மூச்சு வாங்க நின்ற ரசமட்டத்தின் முழங்காலை உரசிக்கொண்டு ஒரு மீன் வந்தது. சாய்ந்து வாலை அடித்தது. கற்கள் உருண்டு அவர் பாதத்தில் விழுந்தன. இன்னொன்று அதன் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றது. இரண்டும் ஒன்றாக நடுங்கின. தண்ணீர் பாலாய்க் கலங்கித் தெளிந்தபோது, பொன்னிற மணிகளாக முட்டைகள் கல்லிடுக்குகளில் இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை காலம் மண்ணோடு மல்லுக்கட்டிய மனிதர், அதற்குள் உயிர் இறங்குவதை அன்றுதான் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க, உதடெல்லாம் நீலம் பூத்துடுச்சு, மேல வாங்க!" என்று மனைவி கத்தினார்.

"சத்தம் போடாத" என்றார் அவர் மெதுவாக. "என் கால் விரல் இடுக்கெல்லாம் முட்டை கிடக்கு. காலை எடுத்தா செத்துடும். அதுங்க போட்டு முடிக்கட்டும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துக் கல்லுக்குள்ள வெச்சுட்டு வரேன். நீ வீட்டுக்குப் போ."

மனைவி போகவில்லை. ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்து, நடுங்கும் அந்தக் கால்களுக்கு நடுவே மீன்கள் பயமில்லாமல் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.