சர்க்காருக்குப் பேர் எப்படி இருக்கிறது?

மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதிப் பிழைத்தவர்களுக்குத்தான் தெரியும், நடந்ததை எழுதுவது சுலபம், மேலிடத்துக்குப் பிடிக்கிற மாதிரி எழுதுவதுதான் பாடு என்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் யுத்தப் பிரசார குமாஸ்தா. சந்தையில் யுத்தச் செய்தி வாசிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும், சர்க்காரைப் பற்றி ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும். உங்களிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள்.

குண்டூசிக் கொடிகள்

சந்தை வாசலில் பெரிய தேசப்படம் ஒன்று மாட்டியிருந்தோம். நம் படை நிற்கும் இடத்தில் குண்டூசியில் ஒட்டிய சின்னக் கொடி. மலேயாவில் சண்டை மோசமானதும், வாரா வாரம் கொடியைப் பிடுங்கி நம் பக்கமாகக் குத்திவைத்தேன். 'திட்டமிட்டபடி பின்வாங்கினோம்' என்று மேலிடத்துக் காகிதத்தில் இருந்ததை உரக்க வாசித்தேன்.

கீழப்பாவூரிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வரும் பேச்சியம்மாள் ஒரு மாதமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். சர்க்காரைத் திட்டப்போகிறாள், இந்த வாரத்து ரிப்போர்ட் ஆயிற்று என்று பென்சிலை எடுத்தேன். அவளுக்குச் சர்க்கார் மேல் கோபமே இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான்.

"சப்பான்காரன் எங்கய்யா வாரான்? நீங்கல்லா வாரா வாரம் கொடியை இங்கன நவட்டுதிய."

அருவிக்கரையில்

'ஜனங்கள் திருப்தியாக இருக்கிறார்கள்' என்றே நான் எழுதிக்கொண்டிருந்ததில் எங்கள் ஆபீசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானே பார்த்துவிடுவதாகச் சொல்லி, சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கிளம்பினார். இடுப்பில் துண்டோடு, எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்துவின் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய கோட்டையும் தலைப்பாகையையும் மறைத்துப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய், பர்மா அரிசி வருவது நின்றிருந்த நேரம். யுத்தம் எப்படி என்று ஆபீசர் மெல்லக் கேட்டார். அரிசி கிடைக்கவில்லை என்று சொல்லிச் சுடலைமுத்து பிடரியில் ஒரு அழுத்து அழுத்தினான். மண்ணெண்ணெய் இல்லை என்று முதுகில் ஒரு அறை. சர்க்காரைப் பற்றி அவன் பேசப் பேசக் கை வேகமெடுத்தது. தான் யாரென்று சொல்லவும் முடியாமல், வலியை மறைக்கவும் முடியாமல் ஆபீசர் நெளிந்தார்.

குளித்து வந்து அவர் கோட்டை மாட்டியதும் சுடலைமுத்து பதறி எழுந்து கும்பிட்டான். ஆபீசரோ கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஐந்தாறு வருஷத்துப் பிடிப்பு விட்டிருந்தது. அவனுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சர்க்கார் மேல இருக்கிற கோபம் உடம்புக்கு ரொம்ப நல்லது, வே. அடுத்த ஞாயிறும் வருவோம்."

வடகரைக்காரர்

பக்கத்து ஊரான வடகரையில் மீரான் ராவுத்தர் என்று ஒருவர்; அவர் மகன் காசிம் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். ரங்கூன் விழுந்தபின் அவனிடமிருந்து கடிதம் இல்லை. ராவுத்தர் சந்தை தவறாமல் வந்து தேசப்படத்தின் முன்னால் நிற்பார். ரங்கூனிலிருந்து நம் நாட்டுக்குப் பாதை எது என்று கேட்பார். படத்தில் கடலும் காடும்தான் இருந்தன.

ஒரு சனிக்கிழமை, 'திருப்தி' என்று எழுதக் கை வரவில்லை. 'எங்கள் பிள்ளைகள் எங்கே என்று வடகரை கேட்கிறது. பதில் சொல்லாதவரை சர்க்காருக்கு அங்கே நல்ல பேர் இல்லை' என்று எழுதிவிட்டேன். வேலை போய்விடும் என்றார் தலைமை குமாஸ்தா. ஆபீசர் இரண்டு தரம் வாசித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அதற்குள் காசிமே வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கிவிட்டான். நெஞ்சு வரை தாடி, காலில் துணிக்கட்டு. மறுநாள் ராவுத்தர் ஒரு தகர டப்பா நிறைய மிட்டாயோடு ஆபீஸுக்கு வந்து, தலைமை குமாஸ்தா வாயில்கூட ஒன்றைத் திணித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நல்ல சமயம் என்று, இப்போது சர்க்காரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"சர்க்காரா? அவன் காடெல்லாம் நடந்துல்லா வந்தான், தம்பி."

அந்த வாரம் 'வடகரையில் ஒரே சந்தோஷம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்; அதைச் சர்க்கார் தனக்குக் கிடைத்த நல்ல பேராக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?