இறங்கி வரச் சொன்னவர்

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வாய்த்தது வெண்கலத் தொண்டை. சைரன் பழுதானாலும் கவலையில்லை, இவர் ஜன்னல் வழியாகக் கத்தினாலே போதும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அந்தத் தொண்டையை நம்பித்தான் பாதர், பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை ஆள் பிரித்து வாசிக்கும்போது, சிலுவையைச் சுற்றி நின்று ஏளனம் செய்த கூட்டத்தின் பங்கை இவருக்குக் கொடுத்தார். பதினோரு வருடமாக வேறு ஆளே கிடையாது. “ஊரையெல்லாம் காப்பாற்றினாயே, உன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லையா? கடவுளின் மகனென்றால் இறங்கி வா” என்று முடித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். தாளில் சிரிப்பு கிடையாது. அது அவருடைய சொந்தச் சரக்கு. முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

“சாமியைத் திட்டுறதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லையா?” என்று மனைவி வருடம் தவறாமல் கேட்பாள். கேட்டுக்கொண்டே அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரியும் போட்டுக் கொடுப்பாள்.

இந்த வருடம் சட்டை கசங்கியே இருந்தது. அவள் ஒன்பது நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தாள்.

அவள் விழுந்த அன்று காலை பத்தரை மணிக்கு வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்தாள். ரத்தம் நிற்கவில்லை. “சீக்கிரம்ணே, சீக்கிரம்” என்று நர்ஸ் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது போன் வந்தது. மாடிவீட்டுக்காரர். “உங்க வீட்டம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. பேச்சு வரல.” சிக்னலில் இடதுபக்கம் திரும்பினால் ஆறே நிமிடத்தில் வீடு. நேரே போனால் மருத்துவமனை. நோயாளியை ஏற்றிவிட்டால் ஒப்படைக்கும்வரை வண்டி வேறெங்கும் திரும்பக்கூடாது என்பது தொழிலின் விதி. அந்த நேரத்தில் விதியை யார் நினைத்தார்கள்? பின்னால் நர்ஸ் தட்டுகிற சத்தம்தான் காதில் இருந்தது. வீட்டுக்கு வேறு வண்டி அனுப்பச் சொல்லிக் கத்திவிட்டு நேரே போனார். வேறு வண்டி போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது.

“கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா…” என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். மீதியை மைத்துனன் சொன்னான்.

அவன் அவளுக்கு ஒரே தம்பி. வராந்தாவில் பத்துப் பேர் பார்க்கக் கைதட்டிச் சிரித்தான். “ஊரையெல்லாம் காப்பாத்துற பெரிய மனுஷன் பாருங்க! கட்டின பொண்டாட்டியைக் காப்பாத்தத் துப்பில்ல!”

அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அதைவிட மோசமான ஒன்று அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பிழைத்தாளா? பிரசவப் பிரிவு அதே மருத்துவமனையில் இரண்டு மாடிக்கு மேலேதான் இருந்தது. ஒன்பது நாளாக அவர் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. அவள் செத்திருந்தால், எதற்காக நேரே போனோம்?

பெரிய வெள்ளியன்று, “வேற ஆளை வச்சுக்கலாம்பா” என்றார் பாதர். இவர்தான் தாளைப் பிடுங்கிக்கொண்டார். வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மைத்துனனும் வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த வரி வந்தது. “இறங்கி வா” என்றார். சிரிப்பு வரவில்லை. “இறங்கி வா” என்றார் மறுபடியும். பிறகு தாளை மறந்து சிலுவையைப் பார்த்து, “இறங்கி வாயேன்பா” என்று கத்தினார். நிஜமாகவே கூப்பிட்டார். ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி மருத்துவமனையில் மனைவி கிடக்கும் மூன்றாம் கட்டிலுக்கு அவர் வந்தாக வேண்டும்.

சிலுவையில் இருந்தவர் அசையவில்லை. அப்போதுதான் இவருக்கு உறைத்தது. இத்தனை வருடம் சிரித்தோமே, அந்த ஏளனத்தில் பொய்யே இல்லை. ஊரையும் தன்னையும் சேர்த்துக் காப்பாற்ற அவரால் முடியவில்லைதான். இறங்கியிருந்தால் தான் மட்டும் தப்பித்திருப்பார். நம்பி வந்தவர்கள் பாதி வழியில் கிடந்திருப்பார்கள். இது புரிந்தும் துக்கம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

வெளியே மைத்துனன் நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

“மாமா, அன்னைக்கு வண்டியில இருந்த பொண்ணு என்ன ஆச்சு?”

“தெரியல மாப்ள. கேக்கப் பயமா இருக்கு.”

மருத்துவமனைக்கு வந்ததும் அவன் விறுவிறுவென்று மாடிப்படி ஏறிப் போனான். இவர் மனைவியின் கட்டில் பக்கத்தில் நின்றார். கால் மணி நேரம் கழித்து அவன் மூச்சு வாங்க வந்தான்.

“பொழைச்சுட்டாங்க மாமா. பொம்பளைப் புள்ள. நேத்துதான் வீட்டுக்குப் போயிருக்காங்க.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “நான் சிரிச்சேனே மாமா.”

“நானும்தான் மாப்ள. பதினோரு வருஷம்.”

குனிந்து மனைவியின் காதோரம் வாயை வைத்தார். அந்த வெண்கலத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. “கேட்டியா? அந்தப் பொண்ணு பொழைச்சுட்டா. புள்ளையும் நல்லா இருக்கு.”

அவள் கண் திறக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னார்.