மன்னா இருந்த டப்பா

பொன்மலையில் நாங்கள் போகும் சர்ச்சில் உடன்படிக்கைப் பெட்டியைப் பற்றிப் பிரசங்கம் வந்தால், எல்லோரும் உள்ளே இருந்த பத்துக் கட்டளைக் கற்பலகைகளை நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அவற்றோடு உள்ளே வைத்த மன்னாப் பாத்திரம்தான் ஞாபகம் வரும். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜனங்களுக்கு வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த சாப்பாடு அது. மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழுத்துவிடும். ஆனால் பின்னால் வரும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒரு பாத்திரம் நிறைய எடுத்து வைக்கச் சொன்னார் கர்த்தர். அது மட்டும் கெடவில்லை. அம்மாவுக்கு இதில் ஒரு குறை உண்டு. மறுநாள் ருசி கூடுவது மீன்குழம்புதான், அதைப் பொழிந்திருந்தால் ஜனங்கள் அத்தனை முணுமுணுத்திருக்க மாட்டார்கள் என்பார்.

அம்மா போனதும் கெண்டைமீன் குழம்பு வைத்த மறுநாள்தான். காலையில் எழுந்திருக்கவில்லை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கு லீவு கிடைக்காமல், அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். அன்று சாயங்காலம் அழுது ஓய்ந்த குரலில், அம்மா கடைசியாக என்ன சமைத்தார் என்று கேட்டாள். சொன்னேன். ஃபிரிட்ஜில் மிச்சம் இருப்பதையும் சொன்னேன்.

“எனக்கு எடுத்து வைக்கா. எப்படியாச்சும் வந்துடுறேன்.”

ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. அம்மாவின் புடவைகளும் மூக்குக் கண்ணாடியும் வீட்டில்தான் இருந்தன. அவற்றைப் பார்த்தால் இப்படி ஏங்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். ஒரு ஸ்பூன் எடுத்துச் சுட வைத்தால் அம்மா வீட்டுக்குள் வந்துவிடுவார் போல இருக்கும்.

தங்கைக்கு டிக்கெட் போட்ட வாரம் பார்த்து ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. மெக்கானிக், பார்ட் வர வேண்டும் என்று கையை விரித்தார். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம்தான். ஆனால் எல்லோரும் மீன் சாப்பிடுகிறவர்கள், யாராவது தெரியாமல் சுட வைத்துவிட்டால்? யாரும் தொடாத வீடு வேண்டும். ஆபீஸ் தோழி ஒருத்தி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத வைஷ்ணவக் குடும்பம். அவளிடம் இதை எந்த முகத்தோடு கேட்பது? அம்மாவின் கடைசிச் சமையல் என்று ஆரம்பித்து, அது என்ன என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“என்னன்னு சொல்லாதீங்கோ. அம்மா பண்ணினதுன்னு தெரிஞ்சாப் போறும்.”

டப்பாவைப் பேப்பரில் சுற்றி, ஐஸ்கட்டிகளோடு பையில் வைத்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தில் டிரைவர் பிரேக் போட, பக்கத்து சீட் அம்மாள் பையைத் தாங்கக் கை நீட்டினார். வண்டி மாடு இடறியபோது, யாரும் தொடக்கூடாத உடன்படிக்கைப் பெட்டியை அப்படித் தாங்கப்போனவன் அங்கேயே செத்து விழுந்தான். நான் முறைத்ததோடு விட்டேன்.

தோழி ஃப்ரீசரைக் காலி செய்து வைத்திருந்தாள். உள்ளே அந்த டப்பா மட்டும்தான். உடன்படிக்கைப் பெட்டியும் இப்படிச் சில மாதம் ஒரு வேற்று ஊர்க்காரன் வீட்டில் தங்கியிருக்கிறது, அந்த வீடு ஆசீர்வதிக்கப்பட்டது. இந்த வீட்டையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தேன்.

தங்கை வந்த அன்று காலையில் போய் எடுத்து வந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து வந்தவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, கை கழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்ததும் வீடெல்லாம் அம்மா வாசனை. பாதியை மறுபடி எடுத்து வைத்துவிடலாமா என்று டப்பாவைக் கழுவாமல் அடுப்பருகே வைத்திருந்தேன். இனி இது வராது. ஆனால் அவள் வெறும் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தாள். முழுவதையும் ஊற்றினேன்.

ஒரு வாய் சாப்பிட்டாள்.

“உப்பு கம்மிக்கா.”

அப்பாவின் பிரஷருக்காகக் குறைத்த உப்பை, அப்பா போன பிறகும் அம்மா கூட்டவே இல்லை. அவள் ஒரு கவளம் உருட்டி என் கையில் வைத்தாள். டப்பாவில் ஒட்டியிருந்ததையும் சோறு போட்டு வழித்துச் சாப்பிட்டோம்.

பிற்காலத்தில் ஆலயம் கட்டி உடன்படிக்கைப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தபோது, கற்பலகைகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று வேதம் சொல்கிறது. மன்னா எங்கே போயிற்று என்று எந்தப் போதகரும் எனக்குச் சொன்னதில்லை. தூரதேசத்திலிருந்து யாரோ ஒரு மகள் பசியோடு வந்திருப்பாள்.