ரஷ்யா டொக்டர்

சிட்னியின் செவன் ஹில்ஸில் விமலாதேவி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ரஷ்யா டொக்டர் என்றால் வீட்டு இலக்கத்தோடு சொல்வார்கள். இத்தனைக்கும் அவள் இந்த நாட்டில் ஒரு நாள்கூட டொக்டராக வேலை செய்ததில்லை. இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில், இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர்களின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதுதான் அவள் வேலை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள்.

எண்பத்திரண்டில் புலமைப்பரிசில் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து சோவியத்தின் கார்கிவ் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனவள். சோவியத்தில் எந்த மூலைக்குப் போனாலும் நம்மவர்களுக்கு அது ரஷ்யாதான். "மகள் ரஷ்யாவில" என்று தாய் சொன்னாள். அவளும் நாற்பது வருடமாக "நான் ரஷ்யாவில படிச்சனான்" என்றே சொல்லிவந்தாள். கார்கிவ் உக்ரைனில் இருக்கிறது என்று தெரியாமலா? தெரியும். ஒவ்வொருவருக்கும் யார் இருந்து விளக்குவது என்ற அலுப்புத்தான்.

அங்கே முதல் வருடம் ரஷ்ய மொழியும் வரலாறும் படிப்பித்தார்கள். ஆசிரியர் பெரிய வரைபடத்தில் கோலை வைத்துக் காட்டுவார். மொஸ்கோவைச் சுற்றி ஒரு சிற்றரசு. அது விலங்குத் தோலுக்காகக் கிழக்கே போய்ப் பசிபிக் கரையைத் தொட்டது. தெற்கே கருங்கடலும் கிரைமியாவும், பிறகு மத்திய ஆசியா முழுவதும். ஜார் மன்னர்கள் ஒழிந்த பிறகும் வரைபடம் பெரிதாகச் சுருங்கவில்லை, நிறம் மட்டும் சிவப்பானது. "எல்லா மக்களும் விரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள்" என்பார். விமலா அதை அப்படியே எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினாள்.

அவள் பட்டம் பெற்று இரண்டாம் வருடம் அந்த வரைபடம் பதினைந்து துண்டாயிற்று. சிட்னிக்கு வந்தபோது கையில் இருந்தது, இல்லாத நாடொன்றின் முத்திரை குத்திய சான்றிதழ். இங்கத்தைய டொக்டர் பரீட்சையில் இரண்டு முறை தவறினாள். மூன்றாம் முறைக்கு முன் மகள் தேஜஸ்வினி பிறந்துவிட்டாள். மிஞ்சியது ரஷ்ய மொழி ஒன்றுதான். அதில்தானே அவள் டொக்டராக இருந்தாள்.

போன செப்டெம்பரில் ஹலீனா வந்தாள். இதயத்தில் வால்வு மாற்றியவள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவள். கிழமைக்கொரு தடவை இரத்தம் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றாவிட்டால் உயிருக்கே வினை. எந்த ஊர் என்று விமலா கேட்டாள். ரஷ்யா தொடுத்த போருக்குத் தப்பிக் கார்கிவிலிருந்து வந்ததாக அவள் சொன்னதும் விமலாவுக்குத் தலைகால் தெரியவில்லை. ரஷ்ய மொழியில் பொழிந்து தள்ளினாள். நானும் ரஷ்யாவில்தான் மருத்துவம் படித்தேன், உங்கள் ஊரில்தான் என்றும் சொல்லிவைத்தாள்.

ஹலீனா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "இங்கிலீஷில் பேசுங்கள்," என்றாள் தடுமாறிய ஆங்கிலத்தில். பிறகு இரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

"நீர் என்ன சொன்னனீர்?" கணவர் இந்திரகுமார் குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டார்.

"நல்லாத்தான் கதைச்சனான். அவவின்ர பாஷைதானே?"

"ஆர் சொன்னது? தேஜு பிறந்த நேரம் இங்க ஆஸ்பத்திரியில அந்தச் சிங்கள நேர்ஸும் அன்பாத்தானே கதைச்சவ. நீர் சிங்களம் தெரியாதெண்டு போட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்தனீர்."

விமலாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்த நேர்ஸும் தங்கமான மனுஷி. ஆனால் ஊரில் அண்ணன் வீட்டில் இராணுவத்தின் ஷெல் விழுந்த சேதி அந்தக் கிழமைதான் வந்திருந்தது. அந்த மொழியைக் காதில் வாங்கவே முடியவில்லை. 'விரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள்' என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாண இராச்சியம் விரும்பிப் போய்ப் போர்த்துக்கீசரோடு சேர்ந்தது என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். கார்கிவில் அதையே எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினாளே. வெட்கமாக இருந்தது.

பரிசோதனைக்கு வராதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது நிலையத்தின் வழக்கம். மறுநாள் காலை விமலாவே அழைத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள்.

"நான் படித்தது ரஷ்யாவில் இல்லை, உக்ரைனில். நாற்பது வருடமாகப் பிழையாகச் சொல்லிவந்துவிட்டேன், மன்னியுங்கள். என்னிடம் வர மனமில்லாவிட்டால் வேறு நிலையத்துக்காவது போங்கள். இரத்தம் பார்க்காமல் மட்டும் இருக்கவேண்டாம்."

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது.

பிற்பகல் ஹலீனா வந்தாள். சட்டைக்கையை மடித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "எந்த விடுதியில் இருந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

விமலா சொன்னாள். பூங்காவுக்குப் பின்னால், ஐந்து மாடி, வாசலில் இரண்டு செர்ரி மரம். செத்தல் மிளகாய் தாளித்து மூன்றாம் மாடி முழுவதையும் தும்ம வைத்த கதையையும் சொன்னாள். ஹலீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறியது.

"அது இப்போது இல்லை. போரின் முதல் வருடமே ஏவுகணை விழுந்தது. மரம் ஒன்று மட்டும் நிற்கிறது."

விமலா ஊசியை எடுத்தாள். வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஏழு வருடம் வாழ்ந்த இடம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நரம்பு பிடிபடவில்லை.

ஹலீனா மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பேசவேண்டாம் என்று தானே தடுத்த ரஷ்ய மொழியில் மெல்லச் சொன்னாள்.

"அவசரமில்லை, டொக்டர்."