வாளில்லாத சூசையப்பர்

தொலைக்காட்சியில் விண்வெளிப் படப் பொம்மைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம். அங்கி போட்ட தாடிக்காரப் பொம்மையைக் காட்டினார்கள். கையில் வாள் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாக்கார் ஆராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டில், எட்டு வயதில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குடிலில் இருந்த சூசையப்பரைக் கீழே போட்டு உடைத்தேன். அடி விழுமென்று பயந்தேன். அம்மா திட்டவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பா வாங்கித் தந்த, அதே போன்ற என் தாடிக்காரரை எடுத்து மாதாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு, காய் நறுக்கும் கத்தியால் அவருடைய வாளை வெட்டியெடுத்தார்.

"ஐயோ, அம்மா!"

"வேணாம்லா. பச்சப்புள்ள பக்கத்துல வாள் எதுக்கு?"

இந்த டிசம்பரிலும் எங்கள் குடிலில் அவர்தான். பாலனைத் தூக்கப் போகிறவர்போல் வெறுங்கையை நீட்டியபடி நிற்கிறார்.