வைக்கோற்போர் ரிப்போர்ட்

நிழலைப் பார்த்துவிட்டுத்தான் தட்சிணாமூர்த்தி பொருளைப் பார்ப்பார். கனடாவின் ஸ்காபரோவில், பதினோராவது மாடிச் சன்னலில் காப்பியோடு நின்று, "அந்தக் கட்டடத்துக்குப் பின்னால லாரி நிக்குது, மேல ஏணி கட்டியிருக்கான்" என்பார். லாரி கண்ணில் படாது. தரையில் அதன் நிழல் மட்டும் நீண்டிருக்கும். மனைவி சியாமளா எட்டிப் பார்ப்பதை நிறுத்தி நாளாயிற்று.

பிழைப்பும் அதுதான். ஒரு நிலவரைபட நிறுவனத்தில், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் புதிய சாலைகளுக்கு இடம் குறிக்கிறார். அறிக்கையைக் கொடுத்தால், மேலதிகாரி கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை மேசையருகே நகராமல் நிற்பார். "வாங்கி வெச்சுக்கறது வேற, படிக்கறது வேற" என்பார் சியாமளாவிடம்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அவர் இந்திய விமானப்படையில் இதே வேலையில் இருந்தார். ஒரு படத்தில், எல்லைக்கு அப்பால், தோப்பையொட்டி நாற்பத்திரண்டு வைக்கோற்போர்கள். ஒவ்வொன்றின் நிழலிலும் மெல்லிய கோடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பீரங்கிக் குழல். அத்தனையும் டாங்கிகள் என்று எழுதிக் கொடுத்தார். கிராமத்தில் வைக்கோல் இருக்காதா என்று சிரித்து, அதிகாரி காகிதத்தை ஒதுக்கி வைத்தார். இவர் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் மாற்றல், அந்த வாரமே போர்.

"இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் சியாமளா. எத்தனை பேர் போனாங்களோ." பத்து வருஷமாக இதே பேச்சு.

சென்ற ஜனவரியில், பக்கத்து ஊரான அஜக்ஸில் தன் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற மேஜர் சிவசைலம் பொங்கலன்று சாப்பிட வந்தார். அவருடைய படை நின்றது அந்தத் தோப்புக்கு நேர் எதிரில்.

"டாங்கிகளை வைக்கோலால மூடி வெச்சிருக்கான்னு ஒரு ரிப்போர்ட் வந்துது, வைக்கோற்போர் ரிப்போர்ட்டுனே அதுக்குப் பேரு" என்றார் மேஜர். "சண்டைக்கு முதல் நாளே வந்துடுச்சு. வழியெல்லாம் கண்ணிவெடி புதைச்சோம். இல்லேன்னா நான் ஏது, இந்தப் பொங்கல் ஏது?"

தட்சிணாமூர்த்தியின் கை தட்டிலேயே நின்றது. "அது நான் எழுதினது சார். ஆபீசர் ஒதுக்கி வெச்சுட்டாரே!"

"நீங்களா? அவர்தான்யா அனுப்பினார்! நீங்க போனப்புறம் மனசு கேக்காம, லென்ஸை வெச்சுத் தானே பாத்தாராம்."

சியாமளாதான் முதலில் "அப்பாடா" என்றாள். தட்சிணாமூர்த்தி எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது மேஜர் பனிக்காலணி மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்தார். "இருங்க சார்." தட்சிணாமூர்த்தி வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மேஜரின் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்துவிட்டார். பிறகு இடது கால்.